தேடுமிடம் அறிதல்

ஒரு பொருளைத் தேடிச் சென்றவன் வெறுங்கையனாய்த் திரும்பி வந்து ‘இல்லை’ என்று கூறுவானாயின், அச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. அப்பொருள் எங்குமே இல்லை என்பது ஒன்று. தான் தேடிய இடத்தில் அஃது இல்லை என்பது மற்றொன்று. நம்மிற் பெரும்பாலோர் அச்சொல்லைக் கேட்டவுடன் முதற்பொருளையே கொண்டு மனந்தளர்கின்றோம். ‘நீ எங்கே தேடினாய்?’ என்று திருப்பிக் கேட்போர் மிகச் சிலரே. கணினியில் நிரல் எழுதும் மாணாக்கர்க்கு இவ்வொரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதையும், அப்பழக்கத்தைக் கல்லூரிகள் கற்பியாது விடுத்தலால் விளையும் தீங்கு யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினித்துறை சாராத அன்பர்கள் இது தமக்குரியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. விஷயம் அவர்களுக்கும் உரியதென்பது முடிவிற் புலப்படும்.

ஒரு நிரலை அடிமுதல் முடிவரை தாமே எழுதுவார் இக்காலத்தில் அரியர். படத்தைத் திறத்தல், கோப்பைச் சுருக்குதல், வலையின் வழியே செய்தி அனுப்புதல் முதலிய பொதுவேலைகளுக்குப் பிறர் எழுதி வைத்துள்ள தொகுதிகளை எடுத்தாளுகின்றோம். இத்தொகுதிகளுக்கே லைப்ரரி என்று பெயர். சான்றாக, ழான்-லூ கைய்யி, மார்க் அட்லர் என்னும் இருவர் இயற்றி 1995-ம் ஆண்டில் வெளியிட்ட ‘இசட்லிப்’ என்னும் லைப்ரரியைக் கூறலாம். தரவைச் சுருக்குவதும் விரிப்பதுமே அதன் தொழில். பி.என்.ஜி. வகைப் படம் ஒன்றைத் திறக்கும் கணினியில் இது தொழில் புரியாதிருத்தல் அரிது. இங்ஙனம் எங்கும் நிறைந்துள்ள லைப்ரரியையே ‘இல்லை’ என்று ஒரு கருவி கூறுமாயின், மாணாக்கன் திகைப்பதில் வியப்பொன்றுமில்லை.

அத்திகைப்பு நீங்க வேண்டுமாயின், தேடுவார் ஒருவர் அல்லர், மூவர் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். முதலாமவர் கம்பைலர். அவர் நாடுவது லைப்ரரியையன்று. அதிலுள்ள செயல்களின் பெயரையும் வடிவையும் கூறும் ஹெட்டர் என்னும் முகப்புக் கோப்பையே அவர் நாடுவார். அது கிட்டாவிடின் ‘அத்தகைய கோப்போ அடைவோ இல்லை’ என்பார். (டைரக்டரி என்று வழங்குவதையே ஈண்டு அடைவு என்கின்றேன்.) இரண்டாமவர் லிங்கர். நாம் எழுதிய பகுதியையும் லைப்ரரியையும் பிணைப்பது அவர் கடமை. மூன்றாமவர் லோடர். நிரல் கட்டி முடிந்து, ஒருவர் அதனை ஓட்டும் வேளையில் லைப்ரரியை நினைவகத்துக்குக் கொணர்பவர் இவர். கல்லூரிப் புத்தகசாலையில் மூன்று ஏவலாளர் இருக்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு உண்டு. அதில் இன்ன இன்ன அலமாரி என்று குறித்திருக்கும். அச்சீட்டிற் கண்ட அலமாரிகளை மட்டும் அவர் வரிசையாகப் பார்ப்பார். நாம் வேண்டும் புத்தகம் அடுத்த அலமாரியிற் கண்ணெதிரே இருப்பினும் அதனை ஏறெடுத்தும் பாரார். மூவர் சீட்டும் வெவ்வேறானவை. ஆதலின் லிங்கருக்குச் சொன்ன வழி லோடரின் செவிக்கு எட்டுவதில்லை. ‘கட்டும்போது கிடைத்த லைப்ரரி ஓட்டும்போது எங்கே மறைந்தது?’ என்று மாணாக்கர் பலர் வினவுவதன் விடை இதுவே.

இனி, என் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆய்வுக்கூடத்தின் மேற்பார்வை என் பொறுப்பில் இருந்தது. இறுதியாண்டு மாணாக்கர் மூவர், பழைய சஞ்சிகைகளின் பக்கங்களைப் படமாக்கிச் சுருக்கிச் சேமித்து, வேண்டும்போது எடுத்துக் காட்டும் நிரலொன்றை இயற்றினர். அம்மூவருள் ஒருவருடைய ஆப்பிள் மடிக்கணினியில் அது செவ்வனே ஓடிற்று. நாங்கள் மகிழ்ந்து உயர்ந்த மதிப்பெண் வழங்கினோம். நிரலைக் கட்டும் முறையைக் கூறும் மேக்ஃபைலில், லைப்ரரி இருக்குமிடம் ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப்’ என்று அவர்கள் எழுதி வைத்திருந்ததை ஒருவரும் நோக்கவில்லை. யானும் நோக்கவில்லை.

மறுவருடம் அந்நிரலை வளர்க்கும் பணி ஒரு மாணவியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவரிடம் சொந்தக் கணினி இல்லை. முப்பது பேருக்குப் பொதுவாயிருந்த டெபியன் வகை லினக்ஸ் கணினியிலேயே அவர் வேலை செய்தார். முதல் நாளே, இசட்லிப்பின் முகப்புக் கோப்பு இல்லை என்ற செய்தி வந்தது. மேக்ஃபைலிற் கண்ட அடைவைத் தேடினார். அப்பெயருடைய அடைவே அக்கணினியில் இல்லை. அதனைத் தாமே உண்டாக்க வேண்டுமோ என்று மயங்கினார். நான்கு நாள் இவ்வாறு கழிந்தபின், யாரோ கூறிய உபாயத்தை நம்பி, மூலையிற் கிடந்த பழைய கணினியொன்றிலிருந்து இசட்லிப்பின் கோப்புகளை எடுத்து வந்து, பொதுக்கணினியின் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்பதன் கீழ் வைத்து, லோடரின் பட்டியலையும் புதுப்பித்தார். நிர்வாகச் சொல்லைக் கொடுத்தவன் யானே. அவருடைய நிரல் உடனே கட்டப்பெற்றது. அன்றிரவு அவர் மகிழ்ச்சியோடு விடுதி திரும்பினார்.

மறுநாட் காலை அக்கணினியிற் படங்களைத் திறக்கும் நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. ‘இசட்லிப் 1.2.9 என்னும் பதிப்புக் காணப்படவில்லை’ என்று அவை முறையிட்டன. நிகழ்ந்தது இதுதான்: அவ்வகைக் கணினியில் லோடரின் சீட்டில் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ என்பது முன்னிற்கும், கணினியோடு வந்த லைப்ரரிகள் உறையும் அடைவு பின்னிற்கும். ஆகவே லோடர் பழைய பதிப்பை முதலிற் கண்டு, அதனையே எல்லா நிரல்களுக்கும் எடுத்தளித்தார். புதிய இசட்லிப்பை எதிர்நோக்கியிருந்த படத் திறப்பு லைப்ரரி அதனை ஏற்க மறுத்தது. காரணத்தைக் கண்டறிய எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்மாணவியைப் பலர் கடிந்துரைத்தனர்; யானும் கடிந்தேன். அதன்பின் அவர் பொதுக்கணினியில் எதனையும் தொடுவதற்கு அஞ்சினார். எளிய கட்டளைக்கும் பிறர் துணையை நாடினார். மேக்ஃபைலில் தம் வீட்டு முகவரியை எழுதி வைத்துச் சென்ற மூவரும் மதிப்பெண்ணோடு போயினர். அதனால் இடர்ப்பட்டவர் வசவோடு நின்றார். இது நீதியாகுமா? ‘எப்படியேனும் ஓட வை’ என்று கற்பித்தவர் நாங்கள். அவர் கற்றபடியே செய்தார். இவ்வுண்மை அன்று என் அறிவிற் படாமற்போனமைக்கு இன்றும் நாணுகின்றேன்.

அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது யாதெனின், ஒரேயொரு வரி. இசட்லிப் அக்கணினியில் முன்னரே இருந்தது. ஆனால் டெபியன் வகைக் கணினிகளில், நிரலை ஓட்டுவதற்கு வேண்டிய கோப்பு ஒரு பொதியிலும், நிரலைக் கட்டுவதற்கு வேண்டிய முகப்புக் கோப்பு முதலியன ‘டெவ்’ என்று முடியும் பெயருடைய வேறொரு பொதியிலும் வரும். ரெட்ஹாட் வகையில் அதனை ‘டெவெல்’ என்பர். அந்த இரண்டாம் பொதியை நிறுவும்படி ஒரு கட்டளை இட்டிருந்தால் நான்கு நாளும் எஞ்சியிருக்கும். முப்பது பேரின் வேலையும் தடைப்பட்டிராது.

லைப்ரரிகளை ஓரிடத்திலேயே வைத்துவிட்டால் இத்தொல்லை நேராதன்றோ எனச் சிலர் வினவலாம். இடங்கள் வேறுபட்டமைக்குத் தக்க காரணங்கள் உண்டு. அறுபத்துநான்கு பிட் கணினிகள் 2003-ம் ஆண்டுக்குப்பின் பரவியபொழுது, பழைய முப்பத்திரண்டு பிட் லைப்ரரியும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே வாழ வேண்டியதாயிற்று. ரெட்ஹாட் வகையினர் புதியவற்றை ‘லிப்64’ என்னும் அடைவில் வைத்தனர். டெபியன் வகையினரோ, ஒவ்வொரு வகைக் கணினியின் பெயராலும் தனியடைவு வகுத்தனர். 2011-ல் வெளிவந்த உபுண்டு 11.04-லும், 2013-ல் வெளிவந்த டெபியன் 7-லும் இம்மாற்றம் இடம்பெற்றது. அப்பொழுது பைத்தான் மொழியின் பழைய மூலத்தைத் தம் கையாற் கட்டினோர், இசட்லிப் இல்லாத பைத்தானைப் பெற்று விழித்தனர். லைப்ரரி அங்கேயே இருந்தது. பைத்தானைக் கட்டும் நிரலின் சீட்டிற்றான் புதிய அடைவின் பெயர் இல்லை. அவ்வாறே ஆப்பிள் நிறுவனம் 2020-ம் ஆண்டு நவம்பரிற் சொந்தச் சில்லுடைய கணினிகளை வெளியிட்டபின், ஹோம்ப்ரூ என்னும் பொதி நிறுவி, இண்டெல் சில்லுக்கு ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்றும் புதிய சில்லுக்கு ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ’ என்றும் இருவேறு இடங்களைக் கொண்டது. இவற்றுள் எதுவும் பிழையன்று. இடம் மாறும் இயல்புடையது என்பதே நாம் பெறும் பாடம். மாறும் இயல்புடைய ஒன்றை மாறாததாகக் கருதி எழுதி வைப்பதே பிழை.

‘இல்லை’ என்ற செய்தி கண்டவுடன் மாணாக்கர் கையாளும் குறுக்குவழிகள் மூன்று. லைப்ரரியைப் பெயர்த்துக் கொணர்ந்து, கருவி தேடுமிடத்தில் இடுவது ஒன்று. அதன் பயனை மேலே கண்டோம். தம் கணினியின் அடைவுப் பெயரை மேக்ஃபைலில் எழுதிவிடுவது இரண்டாவது. அது தமக்கு நன்மையும் பின்வருவார்க்கு இடரும் பயக்கும். மூன்றாவது, ‘எல்டி லைப்ரரி பாத்’ என்னும் சூழல் மாறியைத் தாம் உள்நுழையும்போதெல்லாம் தானே அமையும்படி எழுதி வைப்பது. லோடர் தன் வழக்கமான இடங்களைப் பார்ப்பதற்கு முன் இம்மாறியிற் கண்ட இடங்களைப் பார்க்கும். ஒரு நிரலின் பொருட்டு எழுதிய இவ்வரி, அப்பயனர் ஓட்டும் ஏனைய நிரல்களையும் வழிதிருப்பிவிடும். ஒரு முறை சோதித்துப் பார்ப்பதற்கு, அக்கட்டளையோடு மட்டும் சேர்த்து இம்மாறியை வழங்குதல் தவறன்று. அதற்கெனவே அஃது ஏற்பட்டது. சோதனைக்கு வந்த விருந்தை வீட்டுக்கு அதிபதியாக்குவதே தவறு.

பின்னர்ச் செய்யத்தக்கது யாது? முதலாவது, தேடினவர் மூவருள் எவர் என்று செய்தியைக் கொண்டே தெளிதல் வேண்டும். இரண்டாவது, ‘எங்கே தேடினாய்?’ என்று அவரையே கேட்டல் வேண்டும். அவர்கள் மறைப்பதில்லை. ஜிசிசி கம்பைலரை விரிவாகப் பேசும்படி ஏவினால், முகப்புக் கோப்புக்காகப் பார்த்த அடைவுகளை வரிசையாகக் கூறும். லிங்கரும் அங்ஙனமே தன் பட்டியலை வெளியிடும். லோடர் எந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கின்றது என்பதை ‘எல்டிடி’ என்னும் கட்டளை காட்டும். அது நடந்த வழியை அடியடியாகக் காண விழைவோர்க்கு ‘எல்டி டீபக்’ என்னும் மாறி உதவும். மூன்றாவது, அப்பொருள் கணினியில் உண்மையாகவே உள்ளதா, உளதாயின் எங்குள்ளது என்று காணல் வேண்டும். இம்மூன்றும் முடிந்தபின்னரே எதனையும் மாற்றுதல் தகும்.

மாற்றும்பொழுதும், விடையை எழுதாது வினாவை எழுதுவதே சிறப்பு. ‘இசட்லிப் இன்ன அடைவில் உள்ளது’ என்று மேக்ஃபைலில் எழுதுவது விடை. ‘இசட்லிப் எங்குள்ளது என்று இக்கணினியைக் கேள்’ என்று எழுதுவது வினா. பிகேஜி-கான்ஃபிக் என்னும் கருவி இப்பணிக்கென்றே உள்ளது. லைப்ரரியோடு வரும் சிறு குறிப்புக் கோப்பைப் படித்து, அவ்வக் கணினிக்கு ஏற்ற விடையை அது கூறும். சீமேக் கருவியிலும் இத்தகைய தேடற் கட்டளைகள் உண்டு. லைப்ரரியைப் புதுமையான இடத்தில் வைத்திருப்போர் அவ்விடத்தை வெளியிலிருந்து அக்கருவிகளுக்கு அறிவிக்கலாம். பொதுவான மேக்ஃபைலைக் கெடுக்க வேண்டுவதில்லை. மற்றுமொன்று. சீமேக் தான் ஒரு முறை கண்டதை ஒரு கோப்பிற் குறித்து வைத்துக்கொண்டு, பின்னும் அதனையே நம்பியிருக்கும். லைப்ரரி இடம் மாறிய பின்னரும் பழைய விடையே வருமாயின், கட்டும் அடைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குதல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். ‘கன்டெய்னர் என்னும் கலங்கள் வந்துவிட்டன, நிரலையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒன்றாக அடைத்துக் கொடுக்கலாம், இக்காலத்து மாணாக்கர்க்கு இவ்வறிவு எதற்கு?’ என்பர். கலம் நல்லதே, யானும் அதனை ஆளுகின்றேன். ஆயினும் அக்கலத்தை நிரப்புவோர் ஒருவர் வேண்டுமன்றோ? நிரப்பும்பொழுது, அதே மூவர் அதே சீட்டுகளோடு கலத்தினுள்ளும் தேடுகின்றனர். அதே ‘இல்லை’ அங்கும் ஒலிக்கின்றது. வேறு சிலர், ‘தேர்வு நெருங்கிவிட்ட இரவில் இத்துணை ஆராய்ச்சிக்குப் பொழுதேது?’ என்பர். தாம் கற்றறிந்த முறையிற் கேட்போர்க்கு மேற்கூறிய மூன்று கேள்விகளும் கால் மணி நேர வேலை. கல்லாதவர்க்கே அது நான்கு நாளாகின்றது.

ஆதலின் நம் போன்ற கல்லூரிகள் செய்யத்தக்கன என்று யான் கருதுவன மூன்று. முதலாமாண்டிலேயே ஒரு நாள் ஆய்வுக்கூட வகுப்பில், ஆசிரியர் லைப்ரரியை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்து, மூவகைச் செய்திகளையும் மாணாக்கர் கண்ணாரக் காணச் செய்து, பயமின்றித் தேடப் பழக்குதல் வேண்டும். அறையில் ஆடியன்றோ அம்பலத்தில் ஆட வேண்டும்? இரண்டாவது, இறுதியாண்டு நிரலை அதனை எழுதியவருடைய கணினியில் மதிப்பிடலாகாது. வெறுங்கணினியொன்றில், அந்நிரலை முன்பின் அறியாத மாணாக்கர் ஒருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் துணைக்கொண்டு அதனைக் கட்டி ஓட்டுதல் வேண்டும். அவர் தடுமாறினால், குறைவது எழுதியவரின் மதிப்பெண்ணாக இருத்தல் வேண்டும். ‘என் கணினியில் ஓடுகின்றதே!’ என்பது விடையாகாது. மூன்றாவது, ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பேடு இருத்தல் நலம். பிழை யாது, தேடியவர் எவர், தேடிய இடம் எது, பொருள் இருந்த இடம் எது என்னும் நான்கையும் அதில் எழுதி வந்தால், ஓராண்டு மாணாக்கர் பட்ட துன்பம் அடுத்த ஆண்டு மாணாக்கர்க்குச் செல்வமாகும்.

கணினித்துறை சாராத அன்பர்களுக்குத் தொடக்கத்திற் கூறியதை மறந்திலேன். வரலாறு பயில்வோர் ஆவணக்களரியின் அட்டவணையில் ஓர் ஊரின் பெயரைத் தேடி, இல்லையென்று திரும்பியிருப்பர். அவ்வூர் பழைய ஆங்கில எழுத்துமுறையில் வேறிடத்திற் பதிவாகியிருக்கும். இலக்கியம் பயில்வோர் ஓராசிரியரின் நூலை அவருடைய இயற்பெயரில் தேடுவர். அது புனைபெயரின்கீழ் அடுக்கப்பட்டிருக்கும். ‘இல்லை’ என்ற முடிவுக்கு வருமுன், தேடியவர் எவர், தேடிய இடம் எது என்று கேட்கும் பழக்கம் எத்துறையார்க்கும் பொது.

அம்மாணவி பின்னர்ப் பட்டம் பெற்றுச் சென்றார். அவர் வளர்த்த நிரலை அவருக்குப்பின் வந்தோர் எவரும் கட்டிப் பார்த்ததில்லை. கட்ட முயன்றோர் மேக்ஃபைலைக் கண்டு விட்டுச் சென்றனர். சென்ற விடுமுறையில் யான் அதனை எடுத்து, அந்தப் பழைய முகவரியை நீக்கி, அதனிடத்தில் வினாவை எழுதி, வெறுங்கணினியொன்றிற் கட்டினேன். முதல் முயற்சியிலேயே ஓடிற்று. திருத்தம் முழுவதும் இரண்டு வரிக்கு மேற்படவில்லை. அவ்விரு வரிகளை அவருக்கு உரிய காலத்திற் கற்பித்திருக்க வேண்டும், கற்பித்திலேம். இனி வரும் மாணாக்கர்க்கேனும் அக்கடனைச் செலுத்துவோமாக.